தண்ணீரிலும் ஓடும் வண்டிக்கு ஒரு விண்ணப்பம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. 2011 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை அது கவுன்ட்டர் வழியாக உள்ளே வந்தது. மூன்று நகல், ஓரத்தில் எண்ணெய்க் கறை. வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம் ஒன்றில் நான் உதவியாளர். எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன் என்பது போதும். மேலதிகாரி இதைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாம் கற்பனை என்பேன். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.

'வாகனத்தின் வகை' என்ற கட்டத்தில் நீல பேனாவால் எழுதியிருந்தது: 'தரையிலும் தண்ணீரிலும் ஓடும் ஜீப்.' 'பயன்பாடு' என்ற கட்டத்தில்: 'உலகத்தைச் சுற்றி வர.' கீழே கையெழுத்து. அபுல் ஹசன், பரங்கிப்பேட்டை.

நான் சிரித்தேன். பக்கத்து மேஜைக்குக் காட்டினேன், அவர்களும் சிரித்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தி சார் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா இசைவாணி, நீதான் கதை எழுதற ஆளாச்சே. ஒனக்குன்னே எழுதி அனுப்பியிருக்கான் பாரு" என்றார். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன் என்பதை முதலிலேயே பதிவு செய்துவைக்கிறேன். போகப்போக வசதியாக மறந்துவிடுவேன்.

2

தொடக்கம் ஒன்று: 'கடல் அன்று அமைதியாக இரு

(அடித்துவிட்டேன். கடலூர் மாவட்டம், கடல், 2004-க்குப் பிந்தைய வருடங்கள் என்றதும் நீங்கள் அந்த அலைக்காகக் காத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அதில் போனவர்களைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் கிடையாது. இந்தக் கதையில் அந்த அலை வராது. இதில் வருவது மழைத் தண்ணீர், இடுப்பளவு.)

தொடக்கம் இரண்டு: 'அபுல் ஹசனுக்குச் சிறுவயதிலிருந்தே உலகத்தைச் சுற்றிவர வேண்டும் என்று கனவு.' பொய். "சிங்கப்பூர்லயே ரெண்டாவது நாளு ஊர் நெனப்பு வந்துடுச்சி மேடம். எனக்கு எதுக்கு ஒலகம்?" என்று என்னிடம் சொன்ன ஆள் அவர்.

தொடக்கம் மூன்று: 'ஒரு ஜீப் எந்த நொடியில் படகாகிறது? தண்ணீர் அச்சைத் தொடும்போதா, சக்கரம் தரையை விடும்போதா?' இதை எழுதிவிட்டு நானே நாலு தடவை படித்து மகிழ்ந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் அவருக்கு அனுப்பிய ஆட்சேபக் கடிதத்தில் ஏறக்குறைய இதே கேள்விதான் இருந்தது. 'இது மோட்டார் வாகனமா, நீர்க்கலமா எனத் தெளிவுபடுத்தவும்.' கதையில் அழகாக இருக்கும் கேள்வி ஒரு மனுஷனை மூன்று முறை பஸ் ஏறி வரவைத்தது. மூன்று முறையும் அவர் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து, ஒரே பதிலைச் சொன்னார்: "ரெண்டுந்தான் மேடம்."

தொடக்கமே வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

3

அவர் ஏன் அந்த வண்டியைச் செய்தார் என்பது எனக்கே எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களை அவ்வளவு நாள் நிறுத்திவைக்க மனசில்லை. ஆட்களைக் காக்கவைப்பது என் அலுவலக வேலை. கதையிலாவது ஒழுங்காக இருந்துவிட்டுப் போகிறேன்.

2005 நவம்பர். அந்த வருடத்து மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அபுல் ஹசன் அப்போது வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்சீட்டில் இம்தியாஸ், அவருடைய தங்கை ருக்கையாவின் கணவர். புவனகிரியில் வேலையை முடித்துவிட்டு இருவரும் ஊர் திரும்புகிறார்கள். வழியில் ஒரு தரைப்பாலம். மேலே தண்ணீர் ஓடுகிறது. யாரும் போகக்கூடாது என்று ஊர்க்காரர்கள் குறுக்கே ஒரு கருவேலங்கிளையை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

"வேணாம் மச்சான், திரும்பிடலாம்" என்றிருக்கிறார் இம்தியாஸ்.

"இந்தத் தண்ணிக்கா? நீ கால மேல தூக்கி வச்சிக்க."

அபுல் ஹசன் இறங்கிப் போய்க் கிளையை ஓரமாக இழுத்துப் போட்டார். பாதிப் பாலத்தில் எஞ்சின் நின்றது. வேன் பக்கவாட்டில் மெதுவாக நகர ஆரம்பித்தது. அவர் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டார். இம்தியாஸ் இருந்த பக்கம் கீழே போய்விட்டது. உடல் கிடைக்க இரண்டு நாள் ஆனது.

(இந்த இடத்தில் தண்ணீரை விவரித்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அது நன்றாக வந்தது எனக்கு அருவருப்பாக இருந்தது, கிழித்துவிட்டேன்.)

ருக்கையா கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்கள் குடும்பத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் எழுதிவைப்பார்கள்; ஆண்பிள்ளை கல்யாணமானதும் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஆக, அபுல் ஹசனுக்குச் சாத்தப்பட்டது அவர் பிறந்து வளர்ந்த வீடு. தெருவில் எதிரே வந்தால் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தப்பு என்று நான் எப்படிச் சொல்வது?

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட பயணம் கிளம்புகிறவர், முக்கியமாக ஹஜ்ஜுக்குப் போகிறவர், வீடு வீடாகப் போய்ப் 'பயணம் சொல்ல' வேண்டும். 'போயிட்டு வர்றேன், துஆ செய்ங்க. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்க.' அவர்களும் மன்னித்தேன் என்று சொல்லி வழியனுப்ப வேண்டும். திரும்பி வருவோமா மாட்டோமா என்று யார் கண்டது? அப்படி வந்து நிற்கிறவரை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

2007-இல் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும்போது, இதை விட்டால் வேறு சமயம் இல்லை என்று அபுல் ஹசன் தங்கை வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அண்ணனிடம் சொல்லாமல் வேறு யாரிடமோ சொல்வதுபோல:

"ஏரோப்ளேன்ல போயிட்டு ஏரோப்ளேன்ல வர்றதெல்லாம் ஒரு பயணமா? அவுங்க போன மாதிரி வண்டியோட தண்ணில போவச் சொல்லுங்க. அப்ப வந்து கேக்கச் சொல்லுங்க, மன்னிக்கிறேன்."

வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார்கள். அபுல் ஹசன் அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டார். ஆற்றைக் கடந்து திரும்புவதெல்லாம் அவர் கணக்கில் பயணமாகாது; உலகத்தையே சுற்றிவந்தால்தான் பயணம்.

சிங்கப்பூரில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ரோட்டிலிருந்து நேராகத் தண்ணீரில் இறங்கும் வண்டிகள் உண்டாம். முதல் ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றைப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். ஏஜென்ட்டைக் கெஞ்சி, ஒரு வருடம் அலைந்து, அந்த மாதிரி ஓர் இடத்தில் வண்டி கழுவும் வேலை வாங்கினார். கழுவும்போது அடிப்பக்கத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார். 2010-இல் ஊருக்கு வந்து ஒரு பழைய ஜீப் வாங்கினார்.

4

முதல் வரைவில் அவருக்கு ஒரு கால் ஊனம் வைத்திருந்தேன். இரண்டாவது வரைவில் வானத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம். இரண்டும் அவரிடம் கிடையாது. அவர் பார்க்கச் சாதாரணமாக இருந்தார் என்பதுதான் எழுத்தாளராக எனக்குப் பெரிய தொல்லை.

வண்டி மட்டும் சாதாரணமாக இல்லை. ஜீப்புக்கு அடியில் இரும்புத் தகட்டில் படகு மாதிரி வயிறு, இரண்டு பக்கமும் வாய் அடைத்த டிரம்கள், பின்னால் எஞ்சினோடு இணைத்த விசிறி. இடுக்கெல்லாம் ஃபைபர் படகுக்கு அடிக்கிற பசை. ஆய்வுக்குக் கொண்டுவந்த அன்று அலுவலகமே வெளியே வந்து நின்றது. தட்சிணாமூர்த்தி சார் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, 'தரையைப் பொறுத்தவரை தகுதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். "தண்ணி என் எல்லையில இல்லப்பா" என்றார். மீதிக் குறிப்பை நான் எழுதவேண்டும். சரி என்றோ, இல்லை என்றோ.

டேஷ்போர்டில் ஒரு பள்ளிக்கூட அட்லஸ் இருந்தது. வெள்ளாற்று முகத்திலிருந்து பென்சில் கோடு கிளம்பி இலங்கையைத் தொட்டு, மாலத்தீவு, ஏடன், அப்படியே உலகத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வெள்ளாற்று முகத்துக்கு வந்தது. கோடு நடுங்கவே இல்லை. ஆற்றில் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன் மேடம். ஒரு மணி நேரம் மெதந்துச்சி."

"அப்புறம்?"

"கொஞ்சம் தண்ணி ஏறுது. எறச்சிக்கிட்டே போவலாம்."

ஒரு மணி நேரம் மிதக்கும் வண்டியில் உலகம். அன்றிலிருந்து நான் சிரிக்கவில்லை.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன; காடாம்புலியூரில் என் பெரியப்பா ஒரே காலையில் நாற்பது மரம் இழந்துவிட்டு, சாப்பிடாமல் படுத்திருந்தார். அந்தத் துக்கத்தின் நடுவிலும் எனக்கு ஓர் எழுத்தாளப் புத்தி: ஒரு தென்னை மரம் அந்த ஜீப் மேல் விழுந்திருக்கக் கூடாதா? கதையும் முடியும், ஆளும் பிழைப்பார். விசாரித்தேன். ஜீப் நின்ற ஷெட்டின் கூரைத் தகடு பறந்துவிட்டது. மரம் விழுந்தது. வண்டிக்கு ஆறு அடி தள்ளி விழுந்தது. நனைந்த ஃபைல்களை ஜன்னலோரம் கயிறு கட்டிக் காயப்போட்டபோது அவருடைய ஃபைலை முதலில் தேடினேன். மை கலைந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் தேடினேன். அது காய்ந்தபடியே இருந்தது.

5

2012 பிப்ரவரியில் அவர் பயணம் சொல்ல ஆரம்பித்தார். பதினோரு நாளில் முந்நூறு வீடு. ஊர் உள்ளுக்குள் சிரித்தாலும், வாசலில் வந்து மன்னிப்புக் கேட்கிறவரிடம் சிரிக்க முடியாதே. எல்லாரும் மன்னித்தார்கள், தேநீர் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"பயணம் சொல்ல வந்தேன் மேடம். உங்கள மனசுல எத்தனையோ வாட்டி திட்டியிருக்கேன். மன்னிச்சுக்குங்க."

"ஐயோ, அதெல்லாம் பரவால்லங்க."

"பரவால்லன்னு சொல்லக் கூடாது மேடம். மன்னிச்சேன்னு வாயால சொல்லணும்."

சொன்னேன். மூன்று முறை அவரை அலையவைத்தவள் நான். மன்னிப்புக் கேட்கவேண்டியவளும் நான். மன்னிப்பு வழங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் தரைப்பாலத்தையும் தங்கையையும் சொன்னார். சொல்லும்போது அழவில்லை. கையிலிருந்த ரசீதை மட்டும் மடித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு வீடு பாக்கி. அங்க சொல்லிட்டு நேராத் தண்ணிதான். உங்க பேப்பர் வந்தாத்தான் அந்த வீட்டுக்குப் போவேன்."

"எதுக்குங்க பேப்பர்? மன்னிப்புதானே கேக்கணும்? இப்பவே போய்க் கேளுங்களேன்" என்றேன்.

"போவாத பயணத்தச் சொல்லிக் கேட்டா அது பொய்யில்லயா மேடம்? பொய் சொல்லி வாங்குன மன்னிப்பு செல்லாது. பேப்பரு வேற விஷயம். அன்னைக்குக் கெளய ஒதுக்கிட்டுப் போனேன்ல. இனிமே யாராச்சும் போன்னு கை காட்டாம நா எங்கயும் போறதில்ல."

"வேணாம்னு பதில் வந்தா?"

யோசித்தார். "முந்நூறு வீட்லயும் பொய் சொன்னவனாயிடுவேன். அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ வாசலுக்குப் போவேன்?"

6

இப்போது ருக்கையாவை எழுதவேண்டும். அவளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்திருந்தேன்: ஒல்லியாக, இறுகின உதட்டோடு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி. மார்ச் மாதம் மதியச் சாப்பாட்டு வேளையில் நிஜ ருக்கையா என் மேஜைக்கு வந்தாள். புர்கா, தோளில் ஒரு துணிப்பை, தையல் வேலை செய்து காய்த்துப்போன விரல்கள். முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"அபுல் ஹசன் ஜீப்பு பேப்பர் உங்ககிட்டதான இருக்கு?"

"நீங்க?"

"அவரு தங்கச்சி. அதுல கையெழுத்துப் போட்றாதீங்க மேடம்."

என் கதையின் வில்லி வந்துவிட்டாள் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன். "உங்க கோபம் புரியுது" என்று ஆரம்பித்தேன்.

"கோவமா?" என்றாள். "நாலு வருஷமாச்சி மேடம். ஒரு நாளு மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். திடீர்னு கோவம் எங்கன்னு தேடிப் பாத்தேன், காணல. அன்னைக்கே எங்க நானாவ மன்னிச்சிட்டேன்."

நானா என்றால் அவர்களுக்கு அண்ணன்.

"அப்ப கதவத் திறந்து சொல்லிடலாமே அம்மா!" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது.

"எப்படிச் சொல்றது? அப்பல்லாம் வெக்கமா இருந்துச்சி, அந்த வார்த்தையச் சொல்லிட்டோமேன்னு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஜீப்ப வாங்கிட்டாரு. இப்ப மன்னிச்சேன்னு சொன்னா என்ன அர்த்தம்? போயிட்டு வாங்கன்னு அர்த்தம். முந்நூறு வீட்ல சொல்லிட்டாரு, கடைசி வீடு எங்க வீடு. வாக்குக் குடுத்தா முடிச்சாவணும் அவருக்கு. அந்த டப்பாவ எடுத்துக்கிட்டு நேராக் கடல்ல எறங்கிடுவாரு. ஒரு ஆளத் தண்ணிக்குக் குடுத்தது போதும் மேடம்."

"பேப்பர் இல்லாம போக மாட்டேன்னு எங்கிட்ட சொன்னாரே."

"சொல்லுவாரு. அன்னைக்கும் பக்கத்துல இருந்த அவுங்க வேணாம்னுதான் சொன்னாங்க. குறுக்கால கெள கெடந்துச்சி. நின்னாரா?"

வேண்டாம் என்று எழுதி ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அய்யய்யோ, அது வேற. ஊருக்கு முன்னாடி பொய்யனாயிடுவாரு. அப்பறம் எங்க வாசப் பக்கமே வர மாட்டாரு." முந்தானையில்லாத அந்தப் புர்காவின் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரின்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க. அப்பிடியே வச்சிருங்க. கவுர்மென்ட்ல அது முடியும்ல?"

முடியும் என்றேன். இருபது வருடச் சர்வீஸில் எங்களால் முடியும் என்று நான் அவ்வளவு உறுதியாக யாரிடமும் சொன்னதில்லை.

"நா மன்னிச்சது நானாவுக்குத் தெரியக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

தலையசைத்தேன்.

"வாயால சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.

7

முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

(அ) நான் கையெழுத்துப் போடுகிறேன். கடைசி வீட்டுக் கதவு திறக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஜீப் வெள்ளாற்றில் இறங்குகிறது, முகத்துவாரத்தைத் தாண்டுகிறது, அவர் ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே மறு கையால்

இதற்கு மேல் பேனா போகவில்லை.

(ஆ) இல்லை என்று எழுதி அனுப்புகிறேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். உயிரோடு இருக்கிறார். பயணம் சொன்ன முந்நூறு வீட்டுத் தெருக்களைத் தவிர்க்க, கடைத்தெருவுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார். இது சுலபமாக வந்தது, ஒரே மூச்சில் மூன்று பக்கம்.

(இ) நான் வாக்கை மீறுகிறேன். 'உங்க தங்கச்சி உங்கள எப்பவோ மன்னிச்சிட்டாங்க' என்கிறேன். அவர் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறார். ஜீப்பை இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார். அன்று மத்தியானம் பிறந்த வீட்டில் உட்கார்ந்து தங்கை கையால் இறால் குழம்பு சாப்பிடுகிறார். இதை எழுதும்போது நானும் அழுதேன், எனக்கு இதுதான் வேண்டும். ஆனால் எழுதி முடித்ததும் காதில் ருக்கையா கேட்கிறாள்: நின்னாரா?

கை காட்டாமல் போக மாட்டேன் என்கிறார் அண்ணன். போய்விடுவார் என்கிறாள் தங்கை. என் பாத்திரத்தைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று இருக்கிறது, அது இதுதான்: அந்த ஆள் மாறியிருக்கிறாரா? கற்பனைப் பாத்திரம் என்றால் ஆம் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன். இவருக்கு அதைச் சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு, அதில் தவறினால் திருத்தி எழுத முடியாது.

8

இது 2012 அக்டோபர். ஏழு மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் வருகிறார். "பேப்பர் வந்துச்சா மேடம்?" "இன்னும் மேலேருந்து வரலங்க." "சரி மேடம், அடுத்த வாரம் பாக்கறேன்." மேலே நான் எதையும் அனுப்பவே இல்லை. இந்தப் பொய்க்கு அவர் என்னை மன்னிப்பாரா என்று கேட்க வழியில்லை.

இனி அப்படி நிறுத்திவைக்கவும் முடியாது. போன வாரம் எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது. என் இடத்துக்கு வருகிற சேரன் நல்ல பையன், சுறுசுறுப்பு. நிலுவை ஃபைல்களை எல்லாம் ஒரே வாரத்தில் முடித்துவிடுவேன் என்று போனில் சொன்னான். பெருமையாகச் சொன்னான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி, நீயும் இப்படியே வைத்திரு என்று கேட்கலாம். அவன் சிரித்துவிட்டு சரிக்கா என்பான், பிறகு சட்டப்படி ஏதாவது ஒரு பதிலை அனுப்பிவிடுவான். சரி என்றாலும் இல்லை என்றாலும் இரண்டு பேரில் ஒருவருக்கு இன்னொருவர் கிடைக்க மாட்டார்.

அதனால்தான் இதை எழுதினேன். கதை எழுதும் ஆசையில் ஆரம்பித்தேன் என்பதும் உண்மை, மறைக்கவில்லை. அபுல் ஹசன் கதைகள் படிப்பவர் இல்லை. ருக்கையாவுக்கு நான் கொடுத்த வாக்கு, அவள் அண்ணனிடம் சொல்ல மாட்டேன் என்பது. அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

பரங்கிப்பேட்டையில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. யாரைக் கேட்டாலும் ஷெட்டைக் காட்டுவார்கள். மத்தியானத்தில் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பசை அடித்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என்ன வேணும் என்று மரியாதையாகக் கேட்பார். 'உங்க தங்கச்சி உங்கள மன்னிச்சிட்டாங்க.' சொல்வதற்கு அவ்வளவுதான், நாலு வார்த்தை. கேட்டதும் அவர் தங்கை வீட்டுப் பக்கம் நடப்பாரா, வண்டியில் ஏறுவாரா என்பது அவர் முகத்தில் தெரிந்தால் சொல்லுங்கள். நான் ஒரு வருடத்துக்கு மேலாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை.